டிசம்பர் வெயிலின் கணக்கு

பிரிட்டனில் அக்டோபர் மாதக் கடைசியில், கோடை முழுவதும் காரின் பின்னால் பூட்டப்பெற்றுக் கடற்கரைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் போய்வந்த கேரவன்கள், ஊருக்கு வெளியே வேலி அடைத்த நிறுத்துமிடங்களுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, மார்ச் மாதம் வரையில் அசையாமல் நிற்கத் தொடங்குகின்றன. உறைபனி குழாய்களைப் பிளந்துவிடாதபடி சொந்தக்காரர்கள் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். எரிவாயு சிலிண்டரின் திருகை இறுக மூடுகிறார்கள். மெத்தைகளில் பூஞ்சை படராமலிருக்க அவற்றை நிமிர்த்தி வைக்கிறார்கள். இவ்வளவையும் சிரத்தையோடு செய்துவிட்டு, வண்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு கதவுக்குப் பின்னால் இருக்கும் பாட்டரியை மட்டும், உபயோகம் இல்லாத காலத்தில் அதற்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்ற நினைவில், பலர் அப்படியே விட்டுப் போய்விடுகிறார்கள். ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரியின் விஷயத்தில் இந்த நினைவு முழுத் தவறு. உழைப்பினால் அதற்கு உண்டாகும் தேய்மானத்தைக் காட்டிலும், சக்தி குறைந்த நிலையில் மாதக்கணக்காகச் சும்மா கிடப்பதனால் உண்டாகும் சேதம் மிகப் பெரிது. ஒருவர் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறிய சோலார் பேனல் அந்தச் சேதத்தைத் தடுக்க வல்லது. ஆயினும் எந்த அளவுள்ள பேனல், எந்தச் சாய்வில், எந்த மாதத்தில் தடுக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாராமல் வாங்கி வைத்தவர்கள், வசந்தகாலத்தில் செத்த பாட்டரியையும் பழுதில்லாத பேனலையும் ஒருங்கே கண்டு திகைக்கிறார்கள்.

கேரவனுக்கு மின்சாரம் தேவைப்பட்டது பிற்காலத்தில்தான். உல்லாசப் பிரயாணத்துக்கென்றே கட்டப்பெற்ற முதல் கேரவன் என்று சொல்லப்படும் ‘வாண்டரர்’, கடற்படையில் வைத்தியராக இருந்து பின்னர் எழுத்தாளராக விளங்கிய டாக்டர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக, பிரிஸ்டல் வாகன் ஒர்க்ஸ் கம்பெனியார் 1885-ஆம் ஆண்டில் செய்து கொடுத்தது. குதிரைகள் இழுத்த அந்த மரவீட்டில் பாட்டரிக்கு யாதொரு வேலையும் இருக்கவில்லை. இன்றைய கேரவனிலோ குழாயில் நீர் வருவதற்கு ஒரு பம்பு, சூடேற்றும் கருவிக்குள் ஒரு விசிறி, கூரையெங்கும் எல்.இ.டி. விளக்குகள், வண்டியைக் காரின் உதவியின்றித் தானே நகர்த்திக் கொள்ளச் சக்கரங்களை உருட்டும் ‘மூவர்’ என்னும் மோட்டார் ஆகிய எல்லாமே 12 வோல்ட் பாட்டரி ஒன்றை நம்பி இருக்கின்றன. வண்டியில் எவரும் இல்லாத குளிர்காலத்திலும் இவற்றோடு சேர்ந்த ஒன்று ஓய்வு கொள்வதில்லை. அதுதான் திருட்டைத் தடுக்கும் அலாரம். கேரவன் திருட்டு பிரிட்டனில் அபூர்வமான குற்றமன்று ஆகையால், பாட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று சுகமாகச் சார்ஜ் செய்து வைத்துக் கொள்வது என்ற எளிய வழி, பலருக்கு அடைபட்டுப் போகிறது. நிறுத்துமிடங்களில் பெரும்பாலானவற்றில் மின்சார இணைப்பும் கிடையாது. பேனலுக்கு அவசியம் ஏற்படுவது இந்த நெருக்கடியில்தான்.

பாட்டரி சும்மா இருக்கும்போது ஏன் கெடுகிறது என்பதை அறிய, அதன் உள்ளே சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூடிகளைத் திறக்கக்கூடிய பழைய வகைப் பாட்டரி ஒன்றின் ஆறு மூடிகளையும் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் நோக்கினால், தெளிந்த திராவகத்துக்குள் மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்பது தெரியும். முழுச் சார்ஜில் இருக்கும்போது, நேர்த்தகடுகளில் ஈய டையாக்ஸைடு சாக்லேட் நிறத்திலும், எதிர்த்தகடுகளில் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த தூய ஈயம் சாம்பல் நிறத்திலும் காணப்படும். பாட்டரி சக்தி கொடுக்கும்போது இவ்விரு தகடுகளும் ஈய ஸல்பேட்டாக மாறுகின்றன. திராவகத்திலுள்ள கந்தக அமிலம் தகடுகளுக்குள் போய்விட, எஞ்சியது நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்யும்போது இதே மாறுதல் எதிர்த்திசையில் நடந்து, பழைய நிலை திரும்புகிறது. ஈயத் தகடுகளைச் சுருளாகச் சுற்றி அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய முதல் பாட்டரியை 1859-இல் அமைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே. ஈயக் கலவையைத் தகட்டின் மேல் பசையாகப் பூசும் முறையை 1881-இல் கண்டு, அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் காமில் ஃபோர். இரண்டு தகடுகளிலும் ஒரே ஸல்பேட்தான் உண்டாகிறது என்று 1882-இல் எடுத்துக் காட்டியவர்கள் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இங்கிலாந்து ரசாயனிகள். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த ரசாயனத்தில் அடிப்படையான மாறுதல் எதுவும் நிகழவில்லை.

இந்த ஸல்பேட் புதிதாக உண்டாகும்போது மிக நுண்ணிய ஸ்படிகங்களாக இருக்கிறது. நுண்ணிய ஸ்படிகங்களுக்குப் பரப்பு அதிகம். ஆகவே சார்ஜ் செய்தவுடன் அவை சுலபமாகக் கரைந்து ஈயமாகவும் டையாக்ஸைடாகவும் திரும்பிவிடும். ஆனால் அவற்றை நெடுநாள் அப்படியே விட்டுவைத்தால், சிறியவை கரைவதும், கரைந்த பொருள் பெரியவற்றின் மேல் படிவதுமாக, சிறியவை தேய்ந்து பெரியவை வளர்ந்து கொண்டே போகின்றன. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் ரசாயன நூல்களில் வழங்கும் இந்த நிகழ்ச்சிக்கு ஒருவாறு ஒப்பானதை, நூல் கட்டித் தொங்கவிட்ட சர்க்கரைப் பாகு நாளடைவில் கடிக்க முடியாத கற்கண்டாக இறுகுவதில் நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். இறுகிய ஸல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது. தகட்டின் நுண்துளைகளை அடைத்துக் கொள்ளும். சாதாரண சார்ஜுக்கு இணங்காது. அப்படி இறுகிய அளவுக்குப் பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்து போகிறது. இதன்மேல் பனிக்காலத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. முழுச் சார்ஜில் உள்ள திராவகம் பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரி செல்சியஸுக்கும் அப்பால் போனாலன்றி உறையாது. சக்தி வடிந்துபோன பாட்டரியில் இருப்பதோ ஏறக்குறைய வெறும் தண்ணீர் ஆகையால், பூஜ்யத்துக்குக் கீழ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து, தகடுகளை வளைத்து, பெட்டியையும் பிளந்துவிடக்கூடும்.

சக்தி வடிவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பாட்டரியின் உள்ளேயே நடக்கும் கசிவு. தகட்டுச் சட்டத்தின் உறுதிக்காக ஈயத்தோடு சேர்க்கப்படும் ஆன்டிமனி என்ற உலோகம், மெல்ல மெல்ல எதிர்த்தகட்டின் மேல் போய்ப் படிந்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்கலங்களை உண்டாக்கி, யாருக்கும் பயனில்லாமல் சக்தியைச் செலவழிக்கிறது. ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் சேர்த்த புதிய வகைகளில் இக்கசிவு மிகக் குறைவு. உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 10 டிகிரி தாழ்ந்தால் பாதியாகும். ஆதலால் பிரிட்டனின் குளிர் இந்த ஒரு விஷயத்தில் பாட்டரிக்கு உபகாரமே செய்கிறது. 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சாதாரணப் பாட்டரி குளிர்காலத்தில் மாதத்துக்கு 2 ஆம்பியர்-மணி இழக்கும் என்று கொள்ளலாம். இரண்டாவது கசிவு அலாரம். அது 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக் கொள்வோம். ஓர் ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கான இந்த அற்பத் தொகை, 24 மணி நேரமும் ஓயாமல் ஓடுவதால் நாளொன்றுக்கு 0.48 ஆம்பியர்-மணியாகிறது, மாதத்துக்கு 14.4 ஆகிறது, நவம்பர் தொடங்கி நான்கு மாதங்களில் 58-ஐ எட்டிவிடுகிறது. உட்கசிவு 8-ஐயும் கூட்டினால், முழுச் சார்ஜோடு நிறுத்திய பாட்டரியில் மார்ச் மாதத்தில் எஞ்சுவது மூன்றில் ஒரு பங்குதான். பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று எந்தப் பாட்டரியைக் குறித்துச் சொல்கிறார்களோ, அது பல வாரங்கள் அந்த எல்லைக்குக் கீழேயே கிடந்திருக்கும்.

இங்கே ஈடு செய்ய வேண்டிய இழப்பு நாளொன்றுக்கு 0.55 ஆம்பியர்-மணி என்பதை மனத்தில் வாங்கிக் கொள்வது நலம். இனி வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நடக்கப் போகிறது.

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கன் மின்கலம், பிறந்த நாள் முதலே பாட்டரியோடு உறவு கொண்டது என்பது பலர் அறியாத சரித்திரம். அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டாரில் சாப்பின் என்பவர் ஈடுபட்டிருந்த வேலையே, வெப்பமும் ஈரமும் மிகுந்த தூர இடங்களில் உள்ள டெலிபோன் சாதனங்களுக்கு, அங்கே சீக்கிரம் கெட்டுப்போகும் உலர் பாட்டரிகளுக்கு மாற்றாக வேறொரு சக்தி மூலத்தைத் தேடுவதுதான். கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய இருவரோடும் சேர்ந்து அவர் செய்த மின்கலம், விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கிக் காட்டி, 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊருக்கு அருகே, கிராமத் தொலைபேசிக் கம்பம் ஒன்றின் உச்சியில் 432 மின்கலங்கள் கொண்ட ஒரு பேனலை ஏற்றினார்கள். பகலில் அது தந்த மின்சாரம் தொலைபேசிக்குப் போக மீதி ஒரு பாட்டரியில் சேர்ந்து இரவுக்கு உதவிற்று. இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1958 மார்ச்சில் வானத்தில் ஏவப்பட்ட வான்கார்டு-1 என்ற சிறு செயற்கைக் கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பாட்டரியை மட்டும் நம்பியது சில மாதங்களுக்குள் ஓய்ந்தது. சூரிய மின்கலங்களை நம்பியதோ 1964 வரையில் பேசிக் கொண்டிருந்தது. ஆள் அண்டாத இடத்தில் சிறு அளவு மின்சாரத்தை இடைவிடாது தருவதே இந்தச் சாதனத்தின் ஆதித்தொழில் என்று நான் கருதுகிறேன். நிறுத்தி வைத்த கேரவனில் அது செய்வதும் அந்தத் தொழிலையே.

அந்தச் சிறு பேனலைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். கண்ணாடிக்குக் கீழே கருநீல நிறமான சிலிக்கன் துண்டுகள், அவற்றின் மேல் மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள், ஒரு துண்டின் முகத்தை அடுத்த துண்டின் முதுகோடு இணைத்துச் செல்லும் தட்டையான கம்பிகள் ஆகியவை தெரியும். துண்டுகளை எண்ணினால் 12 வோல்ட் பாட்டரிக்கென்று செய்த பேனலில் பெரும்பாலும் 36 இருக்கும். ஒளித்துகள் ஒன்று சிலிக்கனுக்குள் புகுந்து எலெக்ட்ரானை அதன் இடத்திலிருந்து பெயர்த்துவிட, பாஸ்பரஸ் கலந்த அடுக்கும் போரான் கலந்த அடுக்கும் சந்திக்கும் எல்லையிலுள்ள மின்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. இவ்வாறு ஒவ்வொரு துண்டும் 0.6 வோல்ட் அளவு அழுத்தம் தருகிறது. 36 துண்டுகள் வரிசையாகச் சேர்ந்தால் திறந்த நிலையில் 21 அல்லது 22 வோல்ட், வேலை செய்யும் நிலையில் 17, 18 வோல்ட் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பாட்டரியைச் சார்ஜ் செய்ய அதன் அழுத்தத்தைக் காட்டிலும் மேலான 14 வோல்ட் வரை வேண்டும்; கோடை வெயிலில் பேனல் சூடேறும்போது துண்டுக்கு டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் அழுத்தம் குறைகிறது; வழியிலுள்ள டயோடும் கம்பியும் சிறிது விழுங்குகின்றன. இவை எல்லாம் போக எஞ்சுவது போதுமானதாக இருக்கவே 36 என்ற எண் நிலைத்தது.

இதில் குளிர்காலத்துக்கு அனுகூலமான ஒரு சூட்சுமம் பொதிந்திருக்கிறது. வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது பேனலின் மின்னோட்டமும் பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆனால் அழுத்தம் அந்த விகிதத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு பத்து மடங்குக் குறைவுக்கும் ஒரு துண்டு இழப்பது ஏறக்குறைய 0.06 வோல்ட்தான், 36 துண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆகவே மேகம் கவிந்து சூரியன் இருக்கும் திசையே தெரியாத பகற்பொழுதிலும், பேனல் 19 வோல்ட்டைப் போல அழுத்தம் காட்டி, பாட்டரிக்குள் மின்சாரத்தைச் செலுத்த வல்லதாக இருக்கிறது. செலுத்தும் அளவு சொற்பமாயினும் திசை மாறுவதில்லை. அதோடு பேனல் குளிர்ந்திருப்பதால் அழுத்தம் சற்று அதிகமாகவே இருக்கும். இரவில் மட்டும் நிலைமை தலைகீழாகி, பாட்டரியிலிருந்து பேனலுக்குள் மின்சாரம் பின்வாங்கிக் கசியும். அதைத் தடுக்க ஒருவழிக் கதவாக ஒரு டயோடு வேண்டும். பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் என்ற கருவி நல்லதாக இருந்தால், இந்தக் காரியம் அதன் உள்ளேயே நடந்துவிடுகிறது.

அழுத்தம் போதும் என்றாகிவிட்டது. அளவு போதுமா என்பதற்குச் சூரியனின் உயரத்தைப் பார்க்க வேண்டும். லண்டன் நகரம் வடக்கே 51½ டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகலில் 62 டிகிரி உயரத்தில் நிற்கும் சூரியன், டிசம்பர் 21-ஆம் தேதி நடுப்பகலில் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி மட்டுமே ஏறுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ்ஸில் 9 டிகிரிதான். பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதியை மேகம் பங்கு கேட்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட்டு வீதம் பொழியும் உச்சி வெயிலை ஓர் அளவுகோலாக வைத்துக் கொண்டு கணக்கிட்டால், தென் இங்கிலாந்தில் தரையோடு மட்டமாகக் கிடக்கும் ஒரு பரப்பு ஜூன் மாதத்தில் நாளொன்றுக்கு அத்தகைய வெயிலை 5 மணி நேரம் பெறுகிறது. டிசம்பரில் பெறுவது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு! பேனல் பெட்டியின் மேல் அச்சிட்ட வாட்டு எண்ணை மட்டும் படித்துவிட்டு வாங்குபவர்கள் காணத் தவறுவது இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தைத்தான்.

20 வாட்டு பேனல் ஒன்று உச்சி வெயிலில் 1.1 ஆம்பியர் தரும். கேரவனின் கூரைமேல் அதைப் படுக்கையாக ஒட்டிவைத்தால், டிசம்பரில் நாளொன்றுக்குக் கிடைப்பது 0.55 ஆம்பியர்-மணி. நமக்கு வேண்டியதும் அதே 0.55. வரவும் செலவும் சரியாக இருப்பதாக எண்ணி மகிழ்வதற்குள், கன்ட்ரோலர் தன் பிழைப்புக்கென்று எடுத்துக் கொள்ளும் சில மில்லி ஆம்பியர்களையும், சார்ஜ் ஆகும்போது வீணாகும் பத்தில் ஒரு பங்கையும், கண்ணாடியின் மேல் படரும் பச்சைப் பாசியையும் கழித்துப் பார்த்தால், பற்றாக்குறைதான் மிஞ்சுகிறது. கார் கண்ணாடிக்குள் வைப்பதற்கென்று விற்கப்படும் 5 வாட்டு பேனலோ 0.14-க்கு மேல் தராது; அலாரம் இல்லாத வண்டியில் உட்கசிவை ஈடு செய்ய அது போதும், அலாரம் உள்ள வண்டியில் அதனால் ஆவது அநேகமாக ஒன்றுமில்லை. நிறம் பூசிய கேரவன் ஜன்னலுக்கு உட்புறம் அதை வைத்தால் இந்த அளவும் குறையும். ஆனால் அதே 20 வாட்டு பேனலைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய 65 டிகிரிச் சாய்வில் நிமிர்த்தி வைத்தால், தாழ்ந்து வரும் கிரணங்களை அது நேராக ஏற்றுக் கொண்டு, டிசம்பரிலும் இரு மடங்குக்குக் குறையாமல் தருகிறது. மழை அதைக் கழுவிவிடுகிறது. இலையும் பனியும் அதன்மேல் தங்குவதில்லை. மட்டமாகவே ஒட்டியாக வேண்டுமென்றால் 40 வாட்டு வாங்குவதே விவேகம். ஸ்காட்லாந்தில் அதற்கும் மேல் வேண்டும்.

நிமிர்த்தி வைப்பதில் ஒரு தடை இருப்பதையும் சொல்ல வேண்டும். நெருக்கமாக நிறுத்திய வண்டிகளுக்கு நடுவில், 2.6 மீட்டர் உயரமுள்ள பக்கத்து வண்டி, 15 டிகிரிச் சூரியனில் நடுப்பகலிலேயே ஏறக்குறைய 10 மீட்டர் நீளத்துக்கு நிழல் வீசுகிறது. வரிசையாக இணைந்த 36 துண்டுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும், அந்த ஒன்று எவ்வளவு மின்சாரத்தை விடுமோ அவ்வளவுதான் மற்ற முப்பத்தைந்தும் விடமுடியும். ஓர் ஈர இலை ஒரு துண்டை முழுவதும் மூடினால் பேனல் முழுவதுமே ஏறக்குறைய முடங்கிப் போகிறது. எனவே ஜன்னலிலோ தரையிலோ நிமிர்த்துவதைக் காட்டிலும், கூரையின் மேலேயே ஒரு சாய்வுச் சட்டம் அமைத்து நிழல்களுக்கு மேலே நிறுத்துவது மேல். தெற்கு ஓரமாக இடம் கொடுக்கும்படி நிறுத்துமிடத்தாரைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு காசும் செலவில்லை.

டிசம்பருக்குப் போதுமான பேனல் ஜூனில் அளவுக்கு மிஞ்சியதாகிவிடுகிறது. மட்டமாகக் கிடக்கும் 20 வாட்டு பேனல் கோடையில் நாளொன்றுக்கு 5½ ஆம்பியர்-மணி தரும். செலவு 1-ஐக்கூட எட்டாது. நிறைந்த பாட்டரிக்குள் மேலும் 5 ஆம்பியர்-மணியைத் திணித்தால், அந்த மின்சாரம் நீரைப் பிளந்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் ஓட்டிவிடுகிறது. ஓர் ஆம்பியர்-மணி ஒரு கலத்தில் 0.336 கிராம் நீரைப் பிளக்கும். ஆறு கலங்களுக்கு, ஐந்து ஆம்பியர்-மணிக்கு, நாள்தோறும் 10 கிராம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 0.3 லிட்டர் நீர் மறைந்து, தகடுகளின் தலைகள் காற்றில் காய்ந்து, பாட்டரி கெடும். மூடி திறக்க முடியாத வகைகளில் இந்த இழப்பை நிரப்பவும் வழியில்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சேர்வதும் நல்லதன்று. மிகச் சிறிய பேனலுக்குக் கன்ட்ரோலர் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. 100 ஆம்பியர்-மணி பாட்டரியோடு 5 வாட்டு பேனலை இணைக்கும்போது அது ஓரளவு சரி. 20 வாட்டு பேனலுக்கு அவ்வாறு சொல்வது பெரும் பிழை என்பதே என் துணிபு.

கன்ட்ரோலர் அழுத்தத்தை 14.4 வோல்ட் வரை ஏறவிட்டு, பின்னர் 13.6 வோல்ட் அளவில் நிலைநிறுத்துகிறது. உறைபனிக் குளிரில் பாட்டரிக்கு அரை வோல்ட் கூடுதலாக வேண்டியிருப்பதால், உஷ்ணத்தை உணர்ந்து தன்னைத் திருத்திக் கொள்ளும் கன்ட்ரோலரே குளிர்காலக் காவலுக்கு ஏற்றது. பேனலின் முழுச் சக்தியையும் கறந்தெடுப்பதாகச் சொல்லப்படும் எம்.பி.பி.டி. வகை, நூறு வாட்டுகளுக்கு மேற்பட்ட பேனல்களுக்குப் பொருத்தமானது. இருபது வாட்டில் அது மிச்சப்படுத்துவதைத் தானே உண்டுவிடும். இணைக்கும் முறை எளிது: முதலில் பாட்டரி, அதன்பின் பேனல், பாட்டரியின் நேர்முனையை ஒட்டினாற்போல் ஒரு ஃபியூஸ், வண்டியின் பிரதான ஸ்விட்சை அணைத்தாலும் அறுந்துவிடாதபடி, அதற்கு முன்பாகவே நேரே பாட்டரியோடு இணைப்பு.

காக்கும் பேனல் வேறு, மீட்கும் பேனல் வேறு என்பதைப் பலர் உணர்வதில்லை. பாதி சக்தியோடு நவம்பரில் நிறுத்திய 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு, நிமிர்த்திய 20 வாட்டு பேனல் அன்றாடச் செலவு போகத் தரக்கூடியது அரை ஆம்பியர்-மணி. இழந்த 50-ஐத் திரும்பச் சேர்க்க அதற்கு நூறு நாட்கள் வேண்டும். அந்த நூறு நாட்களுக்குள் ஸல்பேட் இறுகிவிட்டிருக்கும். ஆகவே வண்டியை நிறுத்துவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் முழுச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, மீட்டரில் 12.7 வோல்ட் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே பேனலின் பொறுப்பில் விட வேண்டும். 12.2 காட்டினால் பாட்டரி பாதிதான் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

அண்மைக் காலத்தில் கேரவன்களில் இடம் பிடித்து வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அதில் ஸல்பேட் என்ற பேச்சே இல்லை. உட்கசிவும் மிகச் சொற்பம். முழுச் சார்ஜில் வைப்பதைவிடப் பாதி நிறைந்த நிலையில் வைப்பதையே அது விரும்புகிறது. உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது அதைச் சார்ஜ் செய்தால், லித்தியம் உலோகமாகவே எதிர்முனையின் மேல் படிந்து நிரந்தரச் சேதம் விளைவிக்கும். குளிரில் சார்ஜைத் தானே நிறுத்திக் கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறதா என்று தெரிந்து கொண்ட பின்பே பேனலை அதனோடு இணைக்க வேண்டும். அலாரம் இல்லாத வண்டியானால், இணைப்பைக் கழற்றிவிட்டுப் பாதி சார்ஜோடு அதைத் தனியே விட்டுவைப்பது போதும்.

ஈயப் பாட்டரியை மார்ச்சில் திரும்ப எடுத்துக் கொள்ளும்போது, மூடி திறக்கக்கூடியதாயின், வோல்ட் மீட்டரோடு நிற்காமல், திராவகத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரையும் கையில் எடுப்பது உத்தமம். ரப்பர் குமிழை அழுத்தித் திராவகத்தைக் கண்ணாடிக் குழலுக்குள் இழுத்தால், மிதவையின் தண்டு 1.265-க்கு அருகில் நிற்க வேண்டும். ஆறு கலங்களும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். எல்லாம் ஒருசேரத் தாழ்ந்து 1.200 காட்டினால், பேனல் சிறியதாகவோ நிழல் பட்டதாகவோ இருந்திருக்கிறது; ஒரு முழுச் சார்ஜில் பெரும்பாலும் நிலைமை சீர்ப்படும், அடுத்த குளிருக்குள் பேனலை நிமிர்த்தவோ பெரிதாக்கவோ வேண்டும். ஐந்து கலங்கள் சரியாக இருந்து ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால், அந்தக் கலத்தின் உள்ளேயே பழுது நேர்ந்திருக்கிறது. எவ்வளவு பெரிய பேனலாலும் அதைத் திருத்த முடியாது. மூவர் மோட்டார் கேட்கும் பல பத்து ஆம்பியர்களை அந்தப் பாட்டரியிடம் எதிர்பார்க்காமல், வண்டியை வெளியே எடுப்பதற்கு முன்பே வேறொன்றை மாற்றிவிட வேண்டியதுதான்.